அரைவேக்காட்டுக்கு முழு விலை

போன மாதம் ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். என்னுடைய பழைய லேப்டாப் காலையில் கண் விழிப்பதற்குள் நான் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுகிறேன். 'ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்க, புதுசு மாதிரி ஓடும்' என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னது சரிதான். இப்போது காபிக்குப் பால் பொங்குவதற்குள் லேப்டாப் தயார். அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை.

தகராறு கடையில் நடந்த பேச்சில்தான்.

"தம்பி, இந்த டிஸ்க்ல ஃபர்ம்வேர் எந்த வெர்ஷன் இருக்கு?"

"ஃபர்ம்வேரா? அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார். போட்டா ஓடும்."

"இதுக்கப்புறம் புது வெர்ஷன் வந்திருந்தா?"

"புது டிஸ்க் சார். சீல் பிரிக்காத பெட்டி. உள்ள எல்லாம் புதுசாத்தான் இருக்கும்."

"ஓடாமப் போச்சுன்னா?"

"அஞ்சு வருஷம் வாரன்ட்டி இருக்கே சார். மாத்திக் குடுத்துருவாங்க."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைச் சொன்னான். வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் பொருத்திப் பார்த்தேன். உள்ளே இருந்த ஃபர்ம்வேருக்குப் பிறகு அந்தக் கம்பெனி இரண்டு புது வெர்ஷன் வெளியிட்டிருந்தது. பெட்டி புதுசு, டிஸ்க் புதுசு, அதன் மூளை மட்டும் பழசு. இதை எனக்குப் பெட்டி சொல்லவில்லை, பில் சொல்லவில்லை, கடைக்காரர் சொல்லவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. நானே போய்க் கேட்டால்தான் தெரிகிறது. ஏன் கேட்டேன் என்றால், கேட்காமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

திருவல்லிக்கேணியில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் நண்பர் அவர். சின்னப் பதிப்பகங்களுக்கு 20 வருடமாகப் பக்கம் கட்டித் தருகிறவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 11 வருடமாக ஊர் ஊராய்ச் சுற்றிச் சேர்த்த வட்டாரச் சொல்லகராதி ஒன்று அவரிடம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நண்பர் ஜாக்கிரதையான ஆள். ஒரே டிஸ்க்கை நம்பக்கூடாது என்று ஒரே கம்பெனியில், ஒரே மாடலில், ஒரே நாளில் இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கி, ஒன்றில் எழுதுவது தானாகவே இன்னொன்றிலும் எழுதப்படும்படி வைத்திருந்தார். ஒருநாள் காலை 11 மணிக்கு ஒன்று போனது. 'பரவாயில்லை, இன்னொண்ணு இருக்கே' என்று சாப்பிடப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னொன்றும் இல்லை.

டேட்டா மீட்டுத் தருகிறவர்களிடம் கொண்டு போனார். அவர்கள் கேட்ட தொகைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். அதையும் தருவதாகச் சொன்ன பிறகு, பத்து நாள் கழித்து 'முடியல சார்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டிஸ்க் கம்பெனி மட்டும் வாக்குத் தவறவில்லை. இரண்டு புது டிஸ்க்குகளைக் கூரியரில் அனுப்பி வைத்தது. காலியாக.

அதற்கப்புறம்தான் நானும் அவரும் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் தேடினோம். அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எதற்காக வந்தது என்பதற்கு ஒரே ஒரு வரி: சில சூழ்நிலைகளில் டிரைவ் பதிலளிக்காமல் போகும் சிக்கல் சரிசெய்யப்பட்டது. அவருடைய இரண்டு டிஸ்க்கும் இதனால்தான் போயின என்று என்னால் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் 'பதிலளிக்காமல் போகும்' என்பதன் அர்த்தம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. வாரன்ட்டிக்காக அவருடைய செல்போன் நம்பரைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. அந்த ஏழு மாதத்தில் அவருக்கு தீபாவளி ஆஃபர் வந்தது, பொங்கல் ஆஃபர் வந்தது. இந்த ஒரு வரி வரவில்லை.

ஃபர்ம்வேர் என்பது ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியங்களின் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு எதுவும் இல்லை. இருப்பது மெமரி சில்லுகள், அவற்றை ஆளும் கன்ட்ரோலர் என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற நிரல். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர்.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கடை முழுக்க ஒரே மாதிரி டின்கள். எதிலும் பேர் எழுதவில்லை. துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்பது அண்ணாச்சி ஒருவருக்குத்தான் தெரியும். போதாததற்கு, ஒரே அலமாரி தேய்ந்துவிடக் கூடாது என்று அவர் ராத்திரியோடு ராத்திரியாக டின்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார். எஸ்.எஸ்.டி.க்குள் நடப்பது அச்சு அசலாக இதுதான். மெமரி செல்லை இத்தனை தடவைதான் அழித்து எழுத முடியும் என்று கணக்கு உண்டு. அதனால் எந்த இடமும் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் ஃபர்ம்வேர் உங்கள் தகவல்களைப் பரப்பி வைக்கிறது, நகர்த்துகிறது, எது எங்கே என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அண்ணாச்சிக்கு மறதி வந்தால்? சரக்கெல்லாம் கடைக்குள்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு கைப்பிடி உளுந்து கிடைக்காது.

இந்த மறதி கற்பனை இல்லை. தேதியோடு இருக்கிறது.

2012 ஜனவரி. குரூஷியல் எம்4 என்று அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்த டிஸ்க். அது மொத்தம் 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். 5184 மணி என்றால் சரியாக 216 நாள். டிஸ்க் தான் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று உள்ளுக்குள் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கையாளுவதில் தவறு. யாரும் டிஸ்க்கைக் கீழே போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. ஒழுங்காக உழைத்ததுதான் அது செய்த குற்றம். கம்பெனி அதே மாதத்தில் 0309 என்ற ஃபர்ம்வேரை வெளியிட்டுச் சரிசெய்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்து அழித்துப் போட்டிருப்பார்கள்.

அது சில்லறை சரக்கு, பெரிய கம்பெனிகளுக்கு விற்பதில் இப்படி நடக்காது என்று சொல்வீர்கள். நடந்தது. 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு விட்டது. அதன் சர்வர்களில் இருந்த சில எஸ்.எஸ்.டி. மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஜாதகம் கணித்த மாதிரி நிமிடச் சுத்தமாக. அந்த நேரம் தாண்டினால் டிஸ்க்கையும் மீட்க முடியாது, தகவலையும் மீட்க முடியாது. 2-ஐ 15 தடவை பெருக்கினால் வருகிற எண்தான் இந்த 32,768. கம்ப்யூட்டர் படித்த யாரைக் கேட்டாலும், மணிக்கணக்கு எழுத ஒதுக்கிய இடம் பத்தவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆட்டோ மீட்டரில் எண் முடிந்துபோனதற்காக ஆட்டோவே வெடித்தால் எப்படி இருக்கும்? நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், அதே நிறுவனம் வேறு சில மாடல்களுக்கு இன்னொரு அறிவிப்பு விட்டது. இந்தத் தடவை ஆயுள் 40,000 மணி நேரம்.

அந்த 2019 அறிவிப்பில் இருந்த ஒரு விஷயத்தைப் படித்தபோது எனக்குத் திருவல்லிக்கேணி நண்பர் ஞாபகம்தான் வந்தது. ஒரே சமயத்தில் பொருத்தப்பட்ட டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் போகும் என்று எச்சரித்திருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று ஜோடியாக வைப்பது, இரண்டும் தனித்தனிக் காரணத்தால் சாகும் என்ற நம்பிக்கையில்தான். இரண்டுக்கும் ஒரே ஃபர்ம்வேர், ஒரே மணிக்கணக்கு என்றால் அது பேக்கப் இல்லை. உடன்கட்டை.

சாம்சங் மட்டும் விதிவிலக்கா என்ன? 840 ஈவோ என்ற டிஸ்க்கில் பழைய ஃபைல்களைப் படிப்பது நாளாக ஆக மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கியது. 2014 அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தது. வியாதி திரும்பி வந்தது. 2015 ஏப்ரலில் இரண்டாவது திருத்தம். அப்புறம் 980 ப்ரோ. குறிப்பிட்ட ஒரு ஃபர்ம்வேர் இருந்தவை திடீரென்று இனி படிக்க மட்டும்தான் விடுவேன், எழுத விடமாட்டேன் என்று பூட்டிக்கொண்டன. 2023-ன் தொடக்கத்தில் இது பரவலாகத் தெரியவந்தபோது திருத்திய ஃபர்ம்வேர் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஆனால் அதை முன்கூட்டியே போட்டிருந்தால்தான் பலன். பூட்டிக்கொண்ட டிஸ்க்கை அது திறக்கவில்லை. தடுப்பூசி மாதிரி. அம்மை போட்ட பிறகு ஊசி குத்திப் பிரயோஜனமில்லை.

இதையெல்லாம் எழுதினால் எனக்கு வரப்போகும் கடிதம் தெரியும். 'அப்டேட் செய்யப் போய் டிஸ்க்கே செத்துப்போன கதை உமக்குத் தெரியாதா?' தெரியும் ஐயா. 2009 அக்டோபரில் இன்டெல் தன் எஸ்.எஸ்.டி.க்கு ஒரு ஃபர்ம்வேர் வெளியிட்டது. டிஸ்க் வேகம் குறையாமல் இருக்க உதவும் வசதியைச் சேர்ப்பதற்காக. அதைப் போட்ட சிலருடைய டிஸ்க் செங்கல்லாகிவிட்டது. கம்பெனி அதைத் திரும்பப் பெற்று, பிறகு திருத்தி வெளியிட்டது. அதே வருடம் ஜனவரியில் சீகேட் ஹார்ட் டிஸ்க்கிலும் கிட்டத்தட்ட இதே கூத்து. ஆகவே 'ஓடுகிற வண்டியை நோண்டாதே' என்பவர்கள் சொல்வது முட்டாள்தனம் இல்லை. டிஸ்க்கில் பத்து வருடப் படங்களை நிரப்பிவிட்டு, பேக்கப் எடுக்காமல், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை என்று ஃபர்ம்வேர் மாற்றுகிறவரை நானும் திட்டுவேன்.

அதனால்தான் வாங்கிய அன்றே பார் என்கிறேன். அன்றைக்கு டிஸ்க் காலி. அப்டேட்டில் செத்தால் என்ன போகும்? ஒன்றும் போகாது. பில்லோடு கடைக்குப் போய் 'மாத்திக் குடு' என்று கேட்கலாம். இழப்பதற்கு எதுவுமில்லாத ஒரே நாள் அந்த முதல் நாள்தான். அதைத்தான் நாம் படம் காப்பி பண்ணுவதில் வீணாக்குகிறோம்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாம் இதற்கென்று இலவச மென்பொருள் வைத்திருக்கின்றன. சாம்சங்கில் அதன் பேர் மெஜிஷியன், குரூஷியலில் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ். கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். லேப்டாப்பில் ஒரே டிஸ்க்தான் பொருத்த முடியும் என்றால், விண்டோஸ் போட்ட கையோடு, சொந்த ஃபைல் ஒன்றுகூட ஏற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். யு.எஸ்.பி. பெட்டிக்குள் டிஸ்க்கைப் போட்டு வெளியே மாட்டினால் பல சமயம் இந்த மென்பொருளுக்குக் கண் தெரியாது. உள்ளேயே பொருத்த வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரும் மாட்டியிருக்கட்டும், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் யு.பி.எஸ். இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் அண்ணாச்சிக்கு மூளை மாற்று ஆபரேஷன் நடக்கும்போது விளக்கு அணைந்த கதைதான். லேப்டாப்போடு கூடவே வந்த டிஸ்க் என்றால் லேப்டாப் கம்பெனியின் பக்கத்தில்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று: சொந்தக் கம்பெனி மென்பொருளே 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டால், தனியாக வாங்கிய டிஸ்க் விஷயத்தில் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். போலிச் சரக்கும் சந்தையில் உலவுகிறது.

எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். சரி, அந்த அரை மணி நேரத்தை நான் ஏன் செலவழிக்க வேண்டும்? என் ஆத்திரம் அங்கேதான்.

ஹோட்டலில் அரைவேக்காட்டு இட்லியைக் கொண்டு வைத்து, 'வீட்டுக்குக் கொண்டு போய் இன்னும் பத்து நிமிஷம் வேக வெச்சுக்கங்க' என்றால் நாம் விடுவோமா? முழு விலை கொடுப்போமா? கம்ப்யூட்டர் சாமான் என்றால் மட்டும் விடுகிறோம். முதலில் விற்றுவிடுவது, தவறு தெரிந்தால் அப்புறம் திருத்தம் விடுவது, அதை எடுத்துப் போட்டுக்கொள்வது வாங்கினவன் பொறுப்பு. தவறே வராது என்று நான் எதிர்பார்க்கவில்லை. லட்சக்கணக்கான வரி நிரலில் தவறு வரும். எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு பக்கத்தில்கூட எத்தனை பிழை வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்திரிகையில் பிழை வந்தால் அடுத்த வாரம் அதே பத்திரிகையில் திருத்தம் போடுகிறோம், வாசகர் கண்ணில் படுகிற மாதிரி. யாரும் தேடி வந்து கேட்டால் காட்டலாம் என்று பீரோவில் பூட்டி வைப்பதில்லை.

அந்தத் திருத்தங்களின் மொழியைப் பாருங்கள். 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது.' 'செயல்பாடு சீராக்கப்பட்டது.' உங்கள் டிஸ்க் ஒருநாள் செத்துவிடும், இதைப் போட்டால் சாகாது என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் விற்பனை படுத்துவிடும் என்ற பயம். பல கம்பெனிகளின் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸ் வைத்திருக்கிற பள்ளிக்கூடம் ஒன்று என்ன செய்யும்? கம்பெனியைக் கேட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் வாங்கச் சொல்வார்கள் போலிருக்கிறது.

வாரன்ட்டிச் சீட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள். டிஸ்க்குக்குத்தான் உத்தரவாதம், உள்ளே இருக்கும் தகவலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். யாரும் டிஸ்க்கை அதன் அழகுக்காக வாங்குவதில்லை. தகவலை வைப்பதற்காகத்தான் வாங்குகிறோம். பானை உடைந்தால் பானை தருகிறேன், பாலுக்குப் பொறுப்பில்லை என்பது, பானை தற்செயலாக உடைந்தால் நியாயம். ஓட்டை இருப்பது தெரிந்தும் ஏழு மாதம் சொல்லாமல் இருந்தால்?

காருக்கு இந்த நாட்டில் வழி இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதே 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2020-ல் அமைக்கப்பட்ட மத்திய ஆணையம், ஆபத்தான, பாதுகாப்பற்ற பொருள்களைத் திரும்பப் பெறச் சொல்லலாம். ஓர் ஆசிரியரின் 11 வருட உழைப்பு ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழிவது 'ஆபத்து' என்ற சொல்லுக்குள் வருமா? வரவைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை குறைந்தபட்சம் மூன்று காரியமாவது செய்யச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் ஃபர்ம்வேர் வெர்ஷனை அச்சடிக்கட்டும், மாத்திரை அட்டையில் தேதி போடுகிற மாதிரி. டிஸ்க்கையே சாகடிக்கிற குறை தெரிந்தால், வாரன்ட்டிக்கு நம்பர் கொடுத்த அத்தனை பேருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பட்டும், ஆஃபர் அனுப்புகிற அதே சுறுசுறுப்போடு. கடைக்காரர்கள் விற்பதற்கு முன் பழைய சரக்கை அப்டேட் செய்து தரட்டும், அதற்குக் கூலியைக் கம்பெனி கொடுக்கட்டும்.

நாமும் யோக்கியமில்லை. வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்து, தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குகிற ஊர் இது. குழந்தையின் முதல் படத்திலிருந்து வீட்டுப் பத்திர ஸ்கேன் வரை வைக்கப்போகிற சாமானை மட்டும் 'போட்டா ஓடும்' என்ற ஒரு வார்த்தையை நம்பி வாங்கி வருகிறோம். கேட்கிற ஆள் இல்லை என்பதால்தான் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லித் தர யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு கேபிள் வாங்க அதே கடைக்குப் போனேன். பையன் என்னை மறக்கவில்லை. "சார், அன்னிக்கு ஃபர்ம்வேர் கேட்டீங்களே, நானும் என் டிஸ்க்ல பாத்தேன். மூணு வெர்ஷன் பின்னாடி இருக்கு. இப்ப மாத்தலாமா? ஃபுல்லா படம் இருக்கு சார்." முதலில் பேக்கப் எடு, வேறு கம்பெனி டிஸ்க்கில் எடு, அப்புறம் மாற்று என்றேன். பக்கத்தில் நின்றிருந்த முதலாளி ஒருமுறை முறைத்தார். என்னையா அவனையா என்று தெரியவில்லை.

திருவல்லிக்கேணி நண்பர் ஆசிரியரிடம் இருந்த பழைய புரூஃப் கட்டுகளை வாங்கி, அகராதியை மறுபடி முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறார். காசு வாங்கவில்லை. கடைசி இரண்டு வருடத் திருத்தங்கள் அந்தக் கட்டுகளில் இல்லை. ஆசிரியர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல ஓரத்தில் குறித்துக்கொள்கிறார். ஆசிரியருக்கு வயது 78. நேற்று பேசினேன், 'த' வரிசையில் இருக்கிறார்கள்.